பொது பில்ட் ஃபோல்டரில் மிச்சம் கிடக்கும் லாக் (பூட்டு) ஃபைல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒசூர் சிப்காட் பக்கம் எங்களுடையது சின்ன அலுவலகம். வண்டிகளுக்குள் உட்காரும் எலெக்ட்ரானிக் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றும் வேலைதான் பில்ட். 11 பேருக்கு ஒரே பில்ட் சர்வர், அதை மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறோம். பார்த்துக்கொள்வது நான். பாதிப் பேர் தர்மபுரி, பாலக்கோடு, காரிமங்கலம் என்று வீட்டிலிருந்தே எஸ்எஸ்எச் போட்டு உள்ளே வருகிறார்கள். திங்கட்கிழமை காலை முதல் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "அண்ணா, லாக் ஆயிருக்கு. அழிச்சிடட்டுமா?" ஒவ்வொரு முறையும் போனில் சொன்னதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எல்லாமே லினக்ஸை மனதில் வைத்துச் சொன்னவை. விண்டோஸுக்குப் பின்னால் ஒரு கேள்வி உண்டு.

லாக் ஃபைல் எதற்கு? அது இல்லாமல் பில்ட் ஓடாதா?

ஓடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டாத வரைக்கும் ஒரு பிரச்சினையும் வராது. இருவர் ஒரே ஃபோல்டரில் ஓட்டினால், ஒருவருடைய கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது) பாதி எழுதிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்ட் ஃபைலை இன்னொருவருடைய லிங்கர் (அந்த ஃபைல்களை ஒன்றாகச் சேர்ப்பது) எடுத்துவிடும். சில சமயம் எரர் வரும், அது நல்ல நாள். எரரே வராமல் பைனரி (முடிந்த மென்பொருள்) உருவாகி, போர்டில் ஏற்றிய பிறகு கோளாறு காட்டினால் இரண்டு நாள் போச்சு.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, லாக் ஃபைலும் அப்படித்தான். துண்டு கிடந்தால் அடுத்தவர் உட்கார மாட்டார். துண்டு போட்டவர் டீ குடிக்கப் போய், வேறு பஸ்ஸில் ஏறித் தர்மபுரிக்கே போய்விட்டால்? துண்டு அங்கேயே கிடக்கும், சீட் காலி, யாரும் உட்கார முடியாது. நாம் பேசப்போவது அந்த அனாதைத் துண்டைப் பற்றி.

லாக் ஃபைலைப் பார்த்தேன். உடனே அழிக்கலாமா?

கூடாது. அழிக்கும் முன் இரண்டு நிமிடம் பாருங்கள்.

ஃபைலின் தேதி, நேரம், உரிமையாளர் மூன்றும் எல்எஸ் மைனஸ் எல் (ls -l) கட்டளை போட்டாலே தெரியும். ஐந்து நிமிடத்துக்கு முன்பு வந்த லாக் என்றால் யாரோ வேலையில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு 9:40-க்கு வந்த லாக் திங்கட்கிழமையும் இருந்தால் சந்தேகப்படலாம். சந்தேகப்பட மட்டும்தான், ஏனென்றால் எங்கள் முழு இமேஜ் பில்ட் ஒன்று சனிக்கிழமை ஆரம்பித்து ஞாயிறு வரை ஓடியதும் உண்டு. அடுத்து கேட் (cat) கட்டளை போட்டு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பல கருவிகள் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எண்ணை, அதாவது பிஐடியை, அதில் எழுதி வைக்கும். சில காலியாகவே விடும்.

உரிமையாளர் பெயர் தெரிந்ததும் அவருக்கே ஒரு போன் போடுங்கள். டெர்மினலில் பத்து கட்டளை அடிப்பதைவிட "தம்பி, உன் பில்ட் ஓடுதா?" என்று கேட்பது வேகமான வழி. இதைச் செய்ய ஏனோ எல்லோருக்கும் கூச்சம்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்காமல் அழித்த கதை இது. அவர் அழித்த நேரத்தில் இன்னொருவரின் பில்ட் 40 நிமிடம் ஓடி லிங்க் கட்டத்துக்கு வந்திருந்தது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று எழுதி, ஃபோல்டரை முழுக்கத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. "லாக் இருந்தால் அழித்துவிடு" என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

எல்லா லாக் ஃபைலும் ஒரே ரகமா?

இல்லை. பாதிக் குழப்பத்துக்கு இதுதான் காரணம்.

முதல் ரகத்தில் ஃபைல் இருப்பதே பூட்டு. நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் (git) கருவியின் இண்டெக்ஸ்.லாக் இந்த ரகம். "இந்தப் பெயரில் ஃபைல் இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு" என்று கர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதி) கேட்டு உருவாக்குவார்கள். உருவானால் பூட்டு நமக்கு, இல்லையென்றால் வேறு யாரிடமோ இருக்கிறது. எம்கேடிர் கட்டளை போட்டு டைரக்டரி (ஃபோல்டர்) உருவாக்கிப் பூட்டுவதும் இதே வித்தைதான். ப்ராசஸ் செத்தால் ஃபைல் அப்படியே கிடக்கும். மிச்சமாகிப் போகும் துண்டு இதுதான்.

இரண்டாம் ரகத்தில் ஃபைல் வெறும் இடம், பூட்டு கர்னலுக்குள் இருக்கிறது. எஃப்லாக், எஃப்சிஎன்டிஎல் என்ற இரண்டு அழைப்புகள் வழியாகப் போடுவார்கள். இங்கே ஆளே சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்தால், அல்லது செத்தே போனாலும், கர்னல் பூட்டை அவிழ்த்துவிடும். ஃபைல் மட்டும் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும், அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ரஸ்ட் மொழியின் பில்ட் கருவி கார்கோ, டெபியன் மற்றும் உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஆப்ட், லினக்ஸ் இமேஜ் கட்டும் யோக்டோவின் பிட்பேக் எல்லாம் இந்த ரகம்.

இரண்டாம் ரகத்தில் ஃபைலை அழிப்பது சும்மா இருப்பதைவிட மோசம். பிரியா அந்த ஃபைலைத் திறந்து பூட்டு போட்டு பில்ட் ஓட்டுகிறார் என்று வையுங்கள். நீங்கள் ஃபைலை அழிக்கிறீர்கள். பெயர்தான் போகும். பிரியாவின் ப்ராசஸ் பிடித்திருக்கும் ஐனோடு (பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான ஃபைல் பதிவு) டிஸ்க்கில் உயிரோடு இருக்கும், பூட்டும் அதன் மேல்தான். உங்கள் பில்ட் அதே பெயரில் புது ஃபைல் உருவாக்கும். அது வேறு ஐனோடு, யாரும் பூட்டாதது. பூட்டு உடனே கிடைத்துவிடும். இப்போது இரண்டு பேரும் பூட்டு வைத்திருக்கிறார்கள், இரண்டும் செல்லும், பாதுகாப்பு மட்டும் இல்லை. பிட்பேக்கின் நிரல் இந்த ஆபத்தைத் தெரிந்தே எழுதப்பட்டது. பூட்டு கிடைத்த பிறகு, கையில் இருக்கும் ஐனோடும் அந்தப் பெயரில் இப்போது இருக்கும் ஐனோடும் ஒன்றுதானா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும். எல்லாக் கருவியும் இவ்வளவு கவனமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபியூசர் மைனஸ் வி போட்டு ஃபைல் பெயரைக் கொடுத்தால், அதைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ், ஆள் இரண்டையும் சொல்லும். எல்எஸ்ஓஎஃப் அதே வேலையை இன்னும் விரிவாகச் செய்யும். இரண்டையும் சூடோவோடு (நிர்வாகி அனுமதியோடு) ஓட்டுங்கள். இல்லாவிட்டால் மற்றவர்களின் ப்ராசஸ் உங்களுக்குத் தெரியாது. வெறும் திரையைப் பார்த்து "யாரும் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். எங்கள் அலுவலகத்தில் இப்படியே மூன்று முறை நடந்திருக்கிறது.

எல்எஸ்லாக்ஸ் கட்டளை கர்னல் பூட்டுகளை மட்டும் பட்டியலிடும். முக்கியமாக ப்ராக் ஃபோல்டரில் இருக்கும் லாக்ஸ் ஃபைலிலிருந்து அதற்குத் தகவல். அதில் வரும் பிஐடி பூட்டு போட்டவருடையது. அவர் செத்து, அவர் கிளப்பிய பிள்ளை ப்ராசஸ் பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் பழைய எண்ணே வரலாம். அந்த எண், ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் இல்லையென்றால் ஃபியூசர் சொல்வதை நம்புங்கள்.

முதல் ரக லாக்கில் இவை அவ்வளவாக உதவாது. ஃபைலை உருவாக்கி உடனே மூடிவிடும் கருவிகள் உண்டு. மூடிய ஃபைல் ஃபியூசருக்குத் தெரியாது. அங்கே உள்ளே எழுதியிருக்கும் பிஐடிதான் துப்பு.

லாக்கில் இருக்கும் பிஐடி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பார்த்தால் அது பில்டே இல்லை?

பிஐடி சுற்றி வரும். பல லினக்ஸ் சர்வர்களில் எண்கள் 32768 வரை போய் மறுபடி கீழேயிருந்து வரும். 64 பிட்டில் இந்த எல்லையை 4194304 வரை உயர்த்தலாம். பில்ட் என்றால் ஆயிரக்கணக்கில் கம்பைலர் ப்ராசஸ்கள் பிறந்து சாகும், சின்ன எல்லை உள்ள சர்வரில் ஒரு நாளிலேயே சுற்று முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை பில்டின் எண் திங்கட்கிழமை யாரோ திறந்த எடிட்டருக்குப் போயிருக்கும்.

சரிபார்க்க ஒரு வழி: பிஎஸ்ஸில் எல்ஸ்டார்ட் என்ற பத்தியைக் கேட்டால் ப்ராசஸ் பிறந்த நேரம் வரும். லாக் ஃபைலின் நேரத்துக்குப் பிறகு பிறந்த ப்ராசஸ் அந்த லாக்கைப் போட்டிருக்க முடியாது.

நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கர் என்றால் இன்னும் சிக்கல். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனிப் பிஐடி வரிசை. உள்ளே 1 என்று ஓடுவது வெளியே 28417 ஆக இருக்கும். பொது ஃபோல்டரில் ஒரு கன்டெய்னர் "பிஐடி 1" என்று எழுதிவைத்தால், வேறு எந்தக் கன்டெய்னர் பார்த்தாலும் 1 உயிரோடுதான் இருக்கும். அந்த லாக் சாகவே சாகாது.

இன்னொன்று: கில் மைனஸ் பூஜ்யம் அனுப்பி உயிர் பார்ப்பவர்கள், "அனுமதி இல்லை" என்று வந்தால் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இன்னொருவருடைய ப்ராசஸ் உயிரோடு இருக்கிறது என்ற செய்தி. "அப்படி ஒரு ப்ராசஸ் இல்லை" என்று வந்தால்தான் செத்தது.

கிட்டில் "இண்டெக்ஸ்.லாக் உருவாக்க முடியவில்லை, ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது" என்று வருகிறது.

இது சுத்தமான முதல் ரகம். கிட் புது இண்டெக்ஸை (அடுத்த பதிவுக்கான ஃபைல் பட்டியல்) இந்த லாக் ஃபைலுக்குள்ளேயே எழுதி, முடிந்ததும் இண்டெக்ஸ் என்று பெயர் மாற்றும். நடுவில் செத்தால் லாக் கிடக்கும். பழைய இண்டெக்ஸ் பத்திரமாக இருக்கும். அந்த ரெப்போவில் (கிட் ஃபோல்டரில்) எந்த கிட் ப்ராசஸும் ஓடவில்லை என்று உறுதியானதும் தாராளமாக அழிக்கலாம். ரீபேஸோ மெர்ஜோ (மாற்றங்களைச் சேர்க்கும் வேலைகள்) பாதியில் இருந்ததா என்று உடனே கிட் ஸ்டேட்டஸ் போட்டுப் பாருங்கள்.

அழித்தாலும் நாளுக்கு நாலு முறை வருகிறதென்றால் குற்றவாளி எடிட்டராக இருக்கலாம். பின்னணியில் கிட் ஸ்டேட்டஸ் ஓட்டிக்கொண்டே இருக்கும் எடிட்டர்கள் உண்டு. ஸ்டேட்டஸும் இண்டெக்ஸைப் புதுப்பிக்க லாக் எடுக்கும். 2017-இல் வந்த கிட் 2.15-இலிருந்து "கட்டாயமில்லாத லாக் எடுக்காதே" என்று சொல்ல கிட்_ஆப்ஷனல்_லாக்ஸ் என்ற மாறி இருக்கிறது. அதைப் பூஜ்யமாக வைத்தால் அந்தத் தொல்லை அடங்கும்.

ஜிசி.பிஐடி என்ற ஃபைலையும் சிலர் கேட்கிறார்கள். குப்பை கூட்டும் வேலைக்கு கிட் போடும் லாக் அது. உள்ளே பிஐடியும் மெஷின் பெயரும் இருக்கும். 12 மணி நேரத்துக்கு மேல் பழசானால் கிட்டே அதைப் பொருட்படுத்தாது. விட்டுவிடுங்கள்.

கார்கோ, க்ரேடில், பிட்பேக், ஆப்ட்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

கார்கோ "பில்ட் டைரக்டரியின் லாக்குக்காகக் காத்திருக்கிறேன்" என்று சொல்லி நின்றால் உண்மையிலேயே யாரோ பிடித்திருக்கிறார்கள். பத்துக்கு ஒன்பது முறை உங்கள் எடிட்டரில் நிரலைப் பின்னணியில் சரிபார்த்துக்கொண்டு ஓடும் ரஸ்ட் அனலைசர்தான். அதற்குத் தனி டார்கெட் ஃபோல்டர் கொடுத்துவிடுங்கள். ஃபைலை அழிக்க வேண்டாம்.

க்ரேடில் என்ற ஜாவா பில்ட் கருவி நல்ல பிள்ளை. யாருடைய பிஐடி பிடித்திருக்கிறது, நம் பிஐடி என்ன என்று இரண்டையும் எரரிலேயே சொல்லிவிடும். அதன் டீமன் (பின்னணியில் ஓடும் ப்ராசஸ்) பில்ட் முடிந்த பிறகும் 3 மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். க்ரேடில் மைனஸ் மைனஸ் ஸ்டாப் போட்டால் அதே வெர்ஷன் டீமன்கள் கிளம்பிவிடும்.

பிட்பேக்கில் பில்ட் ஃபோல்டரில் இருக்கும் பிட்பேக்.லாக் ஃபைலைத் தொடாதீர்கள். பிட்பேக்கின் சர்வர் ப்ராசஸ் தொங்கிவிட்டால் பிட்பேக் மைனஸ் எம் போட்டு நிறுத்துங்கள். டவுன்லோடு ஃபோல்டரில் கூட்டமாகக் கிடக்கும் லாக் ஃபைல்களைப் பார்த்துப் பதற வேண்டாம், அவை வெறும் இடங்கள்.

ஆப்ட் லாக் என்றால் முக்கால்வாசி நேரம் தானாக ஓடும் அப்டேட். டீ குடித்துவிட்டு வாருங்கள். இணையத்தில் பாதிப் பக்கங்கள் டிபிகேஜி (ஆப்ட்டுக்கு அடியில் வேலை செய்யும் கருவி) லாக்கை அழிக்கச் சொல்கின்றன, அப்படிச் செய்து பேக்கேஜ் தரவுத்தளத்தையே குழப்பிக்கொண்ட சர்வரை நான் சரிசெய்திருக்கிறேன். நடுவில் செத்திருந்தால் டிபிகேஜி மைனஸ் மைனஸ் கான்ஃபிகர் மைனஸ் ஏ போதும்.

பேக்கேஜ் லாக், யார்ன் லாக், கார்கோ லாக்... இவற்றையும் சேர்த்து அழித்துவிட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பெயரில் லாக் இருக்கிறதே தவிர அவை பூட்டே இல்லை. எந்த நூலகம், எந்த வெர்ஷன் என்று எழுதி வைத்த சீட்டு. கிட்டிலிருந்து பழையதை மீட்டு எடுத்துவிடுங்கள். அதனால்தான் சொல்கிறேன், நட்சத்திரக் குறி போட்டு "முடிவில் லாக் என்று இருப்பதெல்லாம் போ" என்று அழிக்கவே அழிக்காதீர்கள்.

யாரும் பில்ட் ஓட்டவில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் பூட்டு இருக்கிறது என்கிறது. பேயா?

பேய்தான், பின்னணி டீமன் என்ற பேய். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ராத்திரி ஆனது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எங்கள் பில்ட் ஸ்கிரிப்ட் முதலில் 9-ஆம் எண் டிஸ்கிரிப்டரில் (திறந்த ஃபைலுக்கான கைப்பிடி எண்) லாக் ஃபைலைத் திறந்து எஃப்லாக் போடும். பிறகு பில்டை ஓட்டும். பில்டின் நடுவில் போர்டோடு பேசுவதற்கு ஒரு சின்ன டீமன் பின்னணியில் கிளம்பும். பில்ட் முடியும், ஸ்கிரிப்ட் முடியும், டீமன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். திறந்த டிஸ்கிரிப்டர்கள் பிள்ளை ப்ராசஸுக்கும் பரம்பரையாகப் போகும். எஃப்லாக் பூட்டு, அந்த டிஸ்கிரிப்டரின் கடைசிப் பிரதி மூடும் வரை அவிழாது. அப்பாவின் துண்டின் மேல் பிள்ளை உட்கார்ந்திருந்தது.

எல்எஸ்லாக்ஸ் செத்துப்போன அப்பாவின் எண்ணைக் காட்டியது. அந்த எண்ணைத் தேடித் தேடி அலுத்து, கடைசியில் ஃபியூசர் போட்டதும் டீமன் பெயர் வந்தது. மணி அப்போது இரண்டேகால். வெளியே லாரிகள் பெங்களூர் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

டீமனைக் கிளப்பும் வரியில் 9-ஐ மூடிவிட்டுக் கிளப்பினேன். தீர்ந்தது. எஃப்லாக்கைக் கட்டளையாகப் பயன்படுத்துபவர்கள் மைனஸ் ஓ கொடுத்தால் அதே பலன். எஃப்சிஎன்டிஎல் பூட்டு இப்படிப் பிள்ளைக்குப் போகாது. ஆனால் அதற்கு வேறு கிறுக்கு உண்டு: அதே ப்ராசஸில் எந்த நூலகமாவது அந்த ஃபைலை இன்னொரு முறை திறந்து மூடினால் பூட்டே போய்விடும்.

கரண்ட் போய் வந்தது. லாக் ஃபைல் பூஜ்யம் பைட் இருக்கிறது.

சித்திரை, வைகாசியில் மாங்காய் உதிர்க்கும் காற்று அடித்தால் எங்கள் பக்கம் கரண்ட் போவது வழக்கம். யூபிஎஸ் பேட்டரி தேய்ந்திருந்தால் சர்வர் ஒரு நொடியில் விழும். லாக்கில் எழுதிய பிஐடி டிஸ்க்குக்குப் போய்ச் சேரும் முன் விழுந்தால் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

ரீபூட்டுக்கு முந்தைய லாக் எதுவாக இருந்தாலும் அந்த மெஷினைப் பொறுத்தவரை செத்தது. அப்டைம் மைனஸ் எஸ் போட்டு, சர்வர் எழுந்த நேரத்தோடு ஒப்பிட்டு அழித்துவிடலாம். மற்ற மெஷின்களும் அந்த ஃபோல்டரைப் பயன்படுத்தினால் இந்த விதி செல்லாது.

லாக்கை அழித்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மேக் என்ற பில்ட் கருவி ஃபைலின் நேரத்தை மட்டும் பார்க்கும். பாதியில் நின்ற ஆப்ஜெக்ட் ஃபைலின் நேரம் சோர்ஸைவிடப் புதிது, அதனால் "இது ஆகிவிட்டது" என்று தாண்டிப் போகும். நீங்கள் கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தினால் மேக் அந்தப் பாதி ஃபைலைத் தானே அழிக்கும். கரண்ட் போனால் யார் அழிப்பது? ஃபைண்ட் போட்டு பூஜ்ய அளவு ஃபைல்களை முதலில் நீக்குங்கள். சந்தேகம் மிச்சமிருந்தால் கிளீன் பில்ட்.

இன்னொரு சின்ன விஷயம். மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி, 2032, செத்திருந்தால் சர்வர் எழும்போது கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். லாக்கின் நேரம் எதிர்காலத்தில் இருக்கும், மேக்கும் "கடிகாரம் ஒத்துப்போகவில்லை" என்று முனகும். எங்களுக்கு ஒருமுறை இப்படி ஆகி, ஒரு சின்னப் பேட்டரியில் தீர்ந்தது.

லாக் ஏன் இவ்வளவு அடிக்கடி மிச்சமாகிறது?

எங்கள் சர்வரில் பார்த்தவரை பெரிய காரணம் நினைவகம். ஜே 16 (ஒரே நேரத்தில் 16 வேலை) என்று போட்டு சி பிளஸ் பிளஸ் லிங்க் செய்தால் ரேம் தீர்ந்து, கர்னல் ஒரு ப்ராசஸைக் கொன்றுவிடும். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் "நினைவகம் போதவில்லை, ப்ராசஸைக் கொன்றேன்" என்ற வரி இருக்கும். ஜே எண்ணைக் குறையுங்கள்.

அடுத்தது கில் மைனஸ் ஒன்பது. நம் ஆட்களுக்கு எடுத்ததும் ஒன்பதுதான் வருகிறது. அந்தச் சிக்னலை எந்த ப்ராசஸும் தடுக்க முடியாது, ஆகவே லாக்கை எடுத்துவைக்கவும் அதற்கு நேரம் இல்லை. முதலில் வெறும் கில். பத்து நொடி பொறுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஒன்பது.

மூன்றாவது, வீட்டு நெட். எஸ்எஸ்எச் அறுந்ததும் பில்ட் செத்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சில சமயம் சாகும். சில சமயம் இணைப்பு அறுந்ததே சர்வருக்குத் தெரியாமல் பில்ட் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் மறுபடி உள்ளே வந்து உங்கள் லாக்கையே "மிச்சம்" என்று அழிப்பீர்கள். இணைப்பு அறுந்தாலும் வேலையை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள், இந்தத் தொல்லையே இல்லை.

ஃபோல்டர் என்எஃப்எஸ்ஸில், அதாவது நெட்வொர்க் வழியாகப் பல மெஷின்கள் பகிரும் இடத்தில், இருக்கிறது. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஆமாம். உங்கள் மெஷினில் ஃபியூசர் போட்டால் உங்கள் மெஷினின் ப்ராசஸ்கள் மட்டுமே தெரியும். பக்கத்து மெஷின் பிடித்திருந்தால் தெரியாது. அதனால் லாக்கில் மெஷின் பெயர் இல்லாவிட்டால் பிஐடிக்கு அர்த்தமில்லை.

என்எஃப்எஸ் வெர்ஷன் 4 என்றால் பூட்டுக்கு ஒரு தவணை உண்டு, லினக்ஸ் சர்வரில் வழக்கமாக 90 நொடி. பிடித்த மெஷின் விழுந்து தவணையைப் புதுப்பிக்காவிட்டால் சர்வர் பூட்டை விடுவிக்கலாம். வெர்ஷன் 3-இல் அப்படி இல்லை. விழுந்த மெஷின் மறுபடி எழுந்து "நான் ரீபூட் ஆனேன்" என்று சொல்லும் வரை சர்வர் பூட்டை வைத்துக்கொண்டே இருக்கும். அந்த மெஷினையே கழற்றி மூலையில் போட்டுவிட்டால் பூட்டு நிரந்தரம்.

மவுண்ட் செய்யும்போது நோலாக் என்று யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கொடுத்திருந்தால் ஒவ்வொரு மெஷினும் தனக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும், ஒன்றின் பூட்டு மற்றதற்குத் தெரியாது. புள்ளி என்எஃப்எஸ் என்று ஆரம்பித்து எண்ணோடு முடியும் ஃபைல்கள் லாக் அல்ல. யாரோ திறந்து வைத்திருக்கும்போது அழித்த ஃபைலின் மறுபெயர். அவர்கள் மூடினால் தானே போகும்.

அழிக்க முயன்றால் அனுமதி இல்லை என்கிறது. ஃபைலின் அனுமதி 666 (யாரும் படிக்கலாம், எழுதலாம்) தானே?

அழிப்பதற்கு ஃபைலின் அனுமதி பொருட்டே இல்லை, அது இருக்கும் டைரக்டரியில் எழுத அனுமதி வேண்டும். டைரக்டரியில் ஸ்டிக்கி பிட் இருந்தால் ஃபைலின் அல்லது டைரக்டரியின் உரிமையாளர் மட்டுமே அழிக்கலாம், இல்லையென்றால் ரூட் (நிர்வாகி). டெம்ப் ஃபோல்டரில் லாக் வைத்தவர்களுக்கு இன்னொரு வினோதமும் வரும்: லினக்ஸ் 4.19-இலிருந்து புரொடெக்டட் ரெகுலர் என்ற பாதுகாப்பு உண்டு. அது இயங்கினால், ஸ்டிக்கி டைரக்டரியில் இன்னொருவர் உருவாக்கிய ஃபைலை "இல்லாவிட்டால் உருவாக்கு" என்ற கொடியோடு ரூட் திறந்தாலும் மறுக்கப்படும். பொது லாக்கை டெம்ப்பில் வைக்காமல் குழுவுக்கென்று ஒரு டைரக்டரி வைத்து, செட்ஜிஐடி (புது ஃபைல்கள் குழுவின் பெயரிலேயே வரும்) போட்டு, யூமாஸ்க் 002 (குழுவும் எழுதலாம்) வைப்பது நல்லது.

விண்டோஸில்?

அங்கே கதை தலைகீழ். திறந்திருக்கும் ஃபைலைப் பெரும்பாலும் அழிக்கவே விடாது. ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியூ பக்கத்தில் ஹேண்டில் தேடும் பெட்டி இருக்கிறது, ஃபைல் பெயரைப் போட்டால் பிடித்திருப்பவர் வருவார். எம்எஸ்பில்ட் பில்ட் முடிந்த பிறகும் தன் உதவி ப்ராசஸ்களை வைத்திருக்கும். நோடு ரீயூஸை ஃபால்ஸ் என்று கொடுத்தால் அது நிற்கும்.

பழைய லாக்கை எல்லாம் ராத்திரி அழிக்க ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) போட்டுவிடலாமே?

நானும் போட்டேன். ஒரு மாதத்தில் எடுத்துவிட்டேன். "2 மணி நேரத்துக்கு மேல் பழசு" என்ற விதி, 3 மணி நேர பில்டைத் தெரியாமல் கொல்லும். விதியை நீட்டினால் காலையில் போன் வருவது நிற்காது. கடிகாரத்தை நம்பாமல் பிடித்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட் என்றால் சரி.

அதிலும் ஒரு ஓட்டை. இரண்டு பேர் ஒரே செத்த லாக்கை ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். முதலாமவர் அழித்துத் தன் லாக்கைப் போடுகிறார். இரண்டாமவர் அரை நொடி தாமதமாக, தான் பார்த்த பழைய லாக் என்று நினைத்து அந்தப் புது லாக்கை அழிக்கிறார். அழிப்பதற்குப் பதில் தன் பெயரும் நேரமும் சேர்த்துப் பெயர் மாற்றி, உள்ளே இருப்பது தான் பார்த்த அதே பிஐடிதானா என்று திறந்து பார்ப்பது கொஞ்சம் பத்திரம்.

எங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு நாங்களே லாக் எழுதப்போகிறோம். எப்படி எழுதலாம்?

முடிந்தவரை எஃப்லாக் கட்டளையைப் பயன்படுத்துங்கள், மேலே சொன்ன டீமன் பேயைத் தவிர மிச்சமாகும் பேச்சே இல்லை. மைனஸ் டபிள்யூ 600 கொடுத்தால் 10 நிமிடம் காத்திருந்து கைவிடும். லாக் கிடைத்ததும் அந்த ஃபைலுக்குள் ஆள் பெயர், மெஷின், பிஐடி, ஆரம்பித்த நேரம் நான்கையும் எழுதுங்கள். பூட்டுக்கு அது தேவையில்லை, காலையில் வந்து பார்க்கிற மனுஷனுக்குத் தேவை. முடிந்ததும் ஃபைலை அழிக்காதீர்கள், அப்படியே விடுங்கள்.

ஃபைல் இருப்பதே பூட்டு என்ற முறைதான் வேண்டுமென்றால் அதை ரன் லாக் டைரக்டரியில் வையுங்கள். அது நினைவகத்தில் இருப்பதால் ரீபூட்டில் தானே துடைக்கப்படும். பிஐடியை லாக்கில் எழுதும் பழக்கம் மோடம் காலத்தது. மோடம் வழியாக மெஷின்கள் பேசிய யூயூசிபி முறையின் லாக் ஃபைலில் பிஐடியை 10 எழுத்து அகலத்தில், முன்னால் இடைவெளி விட்டு எழுத வேண்டும் என்று இன்றும் லினக்ஸின் ஃபைல் அமைப்பு விதியில் இருக்கிறது.

ஒரே ஃபோல்டரை ஏன் எல்லோரும் பகிர வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் நான் முதல் வருடமே கேட்டிருக்க வேண்டும். பகிர வேண்டியது கேஷ் (மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைத்தவை), பில்ட் ஃபோல்டர் அல்ல. யோக்டோவில் டவுன்லோடு ஃபோல்டரும் எஸ்ஸ்டேட் (முடிந்த வேலைகளின் கேஷ்) ஃபோல்டரும் பொது, பில்ட் ஃபோல்டர் ஆளுக்கு ஒன்று. சி நிரல்களுக்கு சிகேஷ் என்ற கம்பைலர் கேஷ் பொது. கிட்டுக்கு வொர்க்ட்ரீ (ஒரே ரெப்போவுக்குத் தனி வேலை ஃபோல்டர்) போட்டால் ஒவ்வொருவருக்கும் தனி இண்டெக்ஸ், எனவே தனி லாக். டிஸ்க் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். நாங்கள் 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டோம், திங்கட்கிழமை போன் பாதியாகக் குறைந்தது.

அழித்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இன்னொருவர் பில்ட் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது என்ன செய்ய?

உங்கள் பில்டை உடனே நிறுத்துங்கள். அவருக்கு போன் போட்டு நடந்ததைச் சொல்லி, அவருடையதையும் நிறுத்தச் சொல்லுங்கள். முடியட்டும் என்று விட்டால் கலப்பு பைனரிதான் வரும். அந்த நேரத்தில் உருவான எந்த இமேஜையும் போர்டில் ஏற்ற வேண்டாம், யாருக்காவது அனுப்பியிருந்தால் திரும்பக் கேளுங்கள். பில்ட் ஃபோல்டரைத் துடைத்துவிட்டு ஒருவர் மட்டும் முதலிலிருந்து ஓட்டட்டும். பொது கேஷிலும் எழுதியிருந்தால், அந்த நேரத்துக்குப் பிறகு வந்த பதிவுகளை மட்டும் நீக்கினால் போதும், முழுவதையும் அழித்து 11 பேரையும் காக்க வைக்க வேண்டாம். எனக்கும் ஒரு வரி செய்தி அனுப்பிவிடுங்கள், எத்தனை மணிக்கு அழித்தீர்கள் என்று.